வெறும் வண்டி எடை

வாளையாறு சோதனைச் சாவடிக்கு முன்னால்
எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
சரக்கோடு ஒரு எடை, சரக்கில்லாமல் ஒரு எடை,
கழித்தால் வருவது சிமெண்டு, அல்லது வாழைத்தார்,
அல்லது நான் கேட்கக் கூடாத வேறு எதுவோ.
"இருபது கிலோ முன்னப்பின்ன இருக்கும்ணே."
ஒரு ராத்திரிக்கு முப்பது தடவை சொல்கிறேன்.

அப்பா இதே சாலையில் லாரி ஓட்டியவர்.
நாற்பத்தொன்றாம் வயதில் அவர் தோள்
தானாக ஒரு ஈயை விரட்டத் தொடங்கியது.
ஈ இல்லை.
கஞ்சிக்கோட்டில் போலீஸ் இறக்கி ஊதச் சொன்னார்கள்.
ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது.
கருவி கெட்டுவிட்டது என்று
அவரை அடித்தார்கள்.
நோயின் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது
அவர் ரேஷன் கார்டில் இல்லை.

ரத்தம் கொடுத்தேன்.
மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப வருமாம்.
முப்பத்தைந்து தடவை வரை தொந்தரவில்லை.
எனக்கு நாற்பத்து மூன்று.
அண்ணன் பூபதி கொடுக்கவில்லை.
"தெரிஞ்சு என்ன பண்ணப்போற" என்றான்,
கேள்விக்குறி இல்லாமல்.
அவன் டீ கிளாஸைக் கீழே வைக்கையில்
நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.
பார்க்காமல்தான் இருக்கிறேனா என்று
அவன் பார்க்கிறான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆனியில்,
எர்ணாகுளத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் என் மூளையை அளக்கிறார்கள்.
பயணப்படி உண்டு.
பன்னிரண்டு வருஷத்து மூக்குத்தி வர மறுத்தது;
சோப்புத் தண்ணீர் விட்டு நர்ஸ் ஜெஸ்ஸி கழற்றினாள்.
குழாய்க்குள் போனதும் ஒலிபெருக்கியில் ஒரு பையன் குரல்:
"சேச்சி, அனங்கருது."
அசையக் கூடாது என்று அர்த்தம்.
அவன் சொன்னதை எழுதினால் ரெண்டு சுழி.
இன்னொரு சுழி போட்டுவிட்டால் அணங்கு,
ஆளைப் பிடித்து ஆட்டுவது.
ஒரே ஒரு சுழி கூடுதல்.
தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவதுபோல்
இயந்திரம் இடித்துக்கொண்டே இருந்தது.
நாற்பது நிமிஷம் நான் அசையவில்லை.
அப்பாவுக்கு நாற்பது நொடி முடிந்ததில்லை.

டாக்டர் லீனா குருவிளா திரையில் தொட்டுக் காட்டினார்:
நடுவில் வால்போல் வளைந்த சாம்பல் நிறம்.
போன வருஷத்துக்கு இந்த வருஷம் மெலிவு.
எவ்வளவு?
"கால் மில்லிக்கும் குறைவு. அளவிலேயே பிசகு இருக்கும்."
தெரியும், என்றேன். முன்னப்பின்ன.
எத்தனை வருஷம்?
"நாலு. ஒன்பதும் ஆகலாம்.
உங்களைப்போல் நூறு பேர் என்றால் சொல்லிவிடுவேன்.
நீங்கள் ஒருத்தி என்றால் எனக்குத் தெரியாது."
அந்தத் 'தெரியாது' எனக்குப் பிடித்திருந்தது.
ரயிலில் அதைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தேன்.

மகள் இலக்கியாவுக்குப் பதினொன்று.
பதினெட்டு ஆகி அவளே கேட்கும்வரை
அவள் ரத்தத்தை யாரும் எண்ணக் கூடாது என்பது விதி.
ஏழு வருஷம்.
நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது ஏழு.

பாலக்காடு தாண்டியதும் ரயில் ஊர்ந்தது.
யானை கடக்கும் இடம்.
காட்டோரக் கேமரா முன்கூட்டியே சொல்லிவிடுமாம்.
யானை வரவில்லை.
வராத யானைக்காக இருபது நிமிஷம் தாமதம்;
பெட்டியில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.
எதிர் சீட்டுக்காரர் எனக்கும் ஒரு பழம்பொரி நீட்டினார்.
வாங்கிய கை
சும்மா இருந்தது.

இன்று விடிகாலை மூன்று மணி. வரிசை இல்லை.
செருப்போடு எடைமேடையில் ஏறி நின்றேன்.
சிவப்புப் பலகையில் 50.
நான் ஐம்பத்து நாலு.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
நாலு கிலோவையே விட்டுவிட்டது,
கால் மில்லியை அதனிடம் எங்கே கேட்பது.

பொள்ளாச்சித் தேங்காய் லாரி ஒன்று வந்து
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.
"அக்கா, கொஞ்சம் எறங்குங்க.
நான் ஏத்தணும்."