பதினான்காம் வளைவு

ஒன்பது வருஷம்
மாடிப்படிக்கு அடியில், சிலிண்டருக்குப் பின்னால்
நின்றிருந்த சைக்கிள்கள்.
ஹேண்டில்பாரில் ஈரத்துணி காயப்போட்டிருக்கிறேன்.
டயர் மாற்றிய பையன் கேட்டான்:
"பசங்களுக்கா, அக்கா?"

வத்தல்மலை அடிவாரம், ஐந்தே முக்கால்.
முன்பெல்லாம் மாதையன் முன்னால் ஏறுவார்,
வளைவில் நின்று கடிகாரம் பார்ப்பார்.
நான் போய்ச் சேர்வதற்குள்
அவருக்கு இளைப்பு ஆறியிருக்கும்;
கிளம்பிவிடுவார்.

இன்று நாலாம் வளைவிலேயே
இருவருக்கும் ஒரே கியர், ஆகச் சின்னது.
வீட்டுக்கடன், அவர் அக்கா சொன்ன சொல்,
எல்லாம் தொண்டை வரை வந்தன.
சண்டைக்கு மூச்சு மிச்சமில்லை.

பதினான்கில் தாரை விட்டுச்
சாமைக் காட்டோரம் மண்தடம்.
என் செயின் கழன்றது.
குனிந்தார்.
"விடுங்க" என்றேன்.
விட்டார்.
கல்மேல் உட்கார்ந்து
கடலை மிட்டாயை உடைத்து
பெரிய பாதியை என் பக்கம் வைத்தார்.
கை முழுக்கக் கிரீஸ் எனக்கு;
ஊட்டிவிடச் சொல்லக் கூச்சம்,
வாயை மட்டும் திறந்தேன்.

இறக்கத்தில் நான் முன்னால்.
சரளை தெறிக்கிறது,
மணிக்கட்டில் பழைய முறிவு முனகுகிறது.
பின்னால் அவர் பிரேக் கிறீச்சிடுவது
வளைவுக்கு வளைவு கேட்கிறது.

ஒரு வளைவில் கேட்கவில்லை.

காலூன்றி நின்றேன்.
நான் கடிகாரம் கட்டி வரவில்லை.