திறப்பால் தட்டு

பனியில் கார் ஓட்டுவது பற்றி
எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.
ஐஸ் என்று நான் கண்டது
கொட்பேயில் லொறியால் இறக்கும் கட்டி,
மரத்தூள் ஒட்டியது, சூரைக்குப் போடுவது.

ஆனாலும் வினிப்பெக்கிலிருந்து
சாருமதி கூப்பிடுகிறாள்.
அங்கே பகல் ஒரு மணி, பழைய கார் விற்கும் முற்றம்.
இங்கே இரவு பதினொன்றரை.
அநுராதபுரச் சந்தியில் கராஜ் கதவை அரைவாசி இழுத்துவிட்டு
விடியக் கொழும்புக்குப் போகவேண்டிய வான் ஒன்றின் கீழ்
நானும் றிஸ்மியும்.
ஐப்பசி மழை தகரத்தில்.

"அண்ணா, ஐயாயிரத்துக்குள்ள. மேல ஒரு சதமும் இல்ல.
இரவு வேலை முடிய விடிய ஆறு மணி.
மைனஸ் முப்பதில பஸ்ஸுக்கு நிக்கேலாது."

ஐயாயிரம் டொலரை நான் ரூபாயாக்கிப் பார்க்கவில்லை.
பார்த்தால் வாய் அடைத்துப்போகும்.

முதலில் ஒரு கறுப்பு ஜீப்பைக் காட்டினாள்.
நாலு சில்லும் இழுக்குமாம்.
விற்கிறவன் பின்னால் நின்று சிரிக்கிறான்.
இழுக்கும் பிள்ளை, வெளிக்கிடுறதுக்கு.
நிக்கிறதுக்கு டயர்தான் வேணும்.
டயரைக் காட்டு.
காட்டினாள்:
கிணற்றடியில் கரைந்துபோன சவர்க்காரம்.

அடுத்தது வெள்ளிநிறக் கொரொல்லா, பதினான்கு வயது.
முன்சில்லு இரண்டுதான் இழுக்கும்.
கதவில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய டைனோசர்.
கீழே குனி, என்றேன்.
"நிலம் ஈரம்."
குனி.

குனிந்தபடிதான் சொன்னாள்,
பனி உருகுவதற்கு அங்கே
ரோட்டில் உப்புக் கொட்டுவார்களாம்.

உப்பு!
இதை முதலே சொல்லியிருக்கலாம்.
நிலாவெளி ஹோட்டல் வான்களின் அடியில்
இருபத்திரண்டு வருடம் மல்லாந்து கிடந்தவன் நான்.
உப்பு முதலில் எங்கே நக்கும்,
பெயின்றுக்குள்ளே எத்தனை மாதம் ஒளிந்திருக்கும்,
பார்வைக்கு மாப்பிள்ளை
விரல் வைத்தால் பப்படம்,
எல்லாம் தெரியும்.

திருப்புளி இருக்கோ?
"கைப்பையிலயா? வீட்டுத் திறப்புத்தான் இருக்கு."
அதால தட்டு. கதவுக்குக் கீழ, ஜக் வைக்கிற இடம்.
றிஸ்மி, கொம்பிரசரை நிற்பாட்டு.

மழைக்கு மேலால் காதை அழுத்தினேன்.
டிங்.
டிங்.
டிங்.
டொப்.
அதிலதான். இன்னொருக்கா.
டொப்.

உள்ளங்கையளவு கறள், பின்சில்லுக்கு முன்னால்.
சட்டத்தில் இல்லை. ஒட்டலாம்.
நாலாயிரத்து ஐந்நூறு கேட்கிறான்.
மூவாயிரத்து அறுநூறு சொல்லு.
மிச்சத்தில பனி டயர். ரெண்டு இல்ல, நாலு.
ஒரு பற்றரி.
சூடேறுற சீற், கண்ணாடிக் கூரை எல்லாம்
அவன்ர கதை.

பிறகு அவள் அவனோடு ஆங்கிலத்தில் கதைத்தாள்.
எனக்கு விளங்கியது "நோ" மட்டும்.
ஏழு தரம்.
வீட்டில் ஒரு தரம்கூட அவள் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

மூவாயிரத்து எழுநூறு.

மார்கழியில் ஒரு வீடியோ வந்தது, பன்னிரண்டு செக்கன்.
வைப்பர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
மற்றதெல்லாம் வெள்ளை.
உப்புவெளி மணலுக்குள் இறங்கினமாதிரி
மெல்ல மிதி, பிறேக்கை நம்பாதே என்று
நான் எழுதி அனுப்பியதற்கு
அவளுடைய பதில் அது.

அந்த நேரம் சந்தியில் முழங்காலளவு வெள்ளம்.
என்னுடைய ஆட்டோ மூன்றாம் நாளாக ஸ்டார்ட் இல்லை.
றிஸ்மி அதைத் தள்ளிக்கொண்டே சிரிக்கிறான்,
கனடாவுக்குக் கார் எடுத்துக் குடுத்த ஆள்!

ஒட்டின இடம் எப்படி, என்று கேட்டேன்.
"பனி மூடிக் கிடக்கு. தெரியேல்ல."

சரி. பங்குனியில் இளகினதும்
அடிப்பக்கத்தைக் கழுவு.
கழுவிப்போட்டுத் திறப்பால தட்டு.
எனக்குக் கூப்பிட்டுப்போட்டுத் தட்டு.