டிரைவர் இறங்கவும்

தாழையூத்து தாண்டி, நாலுவழிச் சாலையின் இடப்பக்கம்
நான் வேலை பார்க்கும் எடைமேடை.
ஜல்லி லாரி ஏறியதும் சிவப்பு எண்கள் தத்தளிக்கும்.
நின்ற பிறகுதான் ரசீது அடிப்பேன்.
பதினாறு வருஷமாக
எண் நிற்கக் காத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

நேற்றிலிருந்து
நிற்கவே கூடாத எண் ஒன்றைச் சுமக்கிறேன்.
நெஞ்சில் ஐந்து ஒயர், இடுப்பில் பெட்டி,
கையில் ஒரு சின்ன நோட்டு:
இருபத்துநாலு மணி நேரமும் செய்வதை எழுத வேண்டுமாம்.

6.40 எழுந்தேன்.
7.15 இட்லி. எத்தனை என்று அவர்கள் கேட்கவில்லை.
9.05 முப்பத்தோரு டன் எம்-சாண்ட்.
9.20 நெஞ்சுக்குள் பல்லி துள்ளியது.

அப்படித்தான் எழுதினேன்.
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஹைகிரவுண்டில் சொன்ன பெயர்
அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

வண்ணார்பேட்டை டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்புறம்
இரண்டு வயிறு வரைந்து தந்தாள்.
ஒன்று, முக்கால்வாசி வெட்டி எடுத்து
ஏத்தங்காய் கனத்தில் மிச்சம் வைப்பது.
ராத்திரி புளித்தண்ணி மேலே வருமா என்று கேட்டாள்.
வரும் என்றேன்.
அப்படியானால் இன்னும் கூடலாம் என்றாள்.
இன்னொன்று பைபாஸ்.
எனக்கு அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் பைபாஸ் ரோடுதான் தெரிந்தது.
ஊருக்குள் நுழையாத லாரி
ஊரில் ஒன்றையும் இறக்காது.
சோற்றுக்குச் சரி.
ரத்தம் உறையாமலிருக்க நான் போடும் மாத்திரை?
அதுவும் இறங்காமல் போய்விட்டால்?
டாக்டரம்மா பேனாவை மூடினாள்.
நல்ல கேள்வி, நெஞ்சு டாக்டரிடம் கேட்டு வாங்க.
நெஞ்சு டாக்டர் சொன்னார்,
எடை இறங்கினால் துடிப்பும் கொஞ்சம் அடங்கலாம்.
ஆனால் கத்தி வைக்குமுன் அந்த மாத்திரையை
சில நாள் நிறுத்தணும், அந்தச் சில நாள்தான்,
என்று இழுத்தார்.
அவர் முடிக்காத வாக்கியத்தோடு
ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் அடியில்
பஸ்ஸுக்கு நின்றேன்.

"பேசாம ராச்சோத்த விட்டா போதாதாட்டி?"
இது வீட்டுக்காரர் அருமைநாயகம்.
பதினொரு தடவை விட்டிருக்கிறேன்.
அது என்னை ஒருதடவையும் விட்டதில்லை.
ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதும் அவர்தான்.
நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலில் தடுக்கிவிடும்.
தப்பு அவர் எண்ணிக்கையிலா என் நாடியிலா
என்று தெரியாமல்
ஒன்றிலிருந்து மறுபடி.

11.30 மந்திரமூர்த்தி லாரி. ஓவர்லோடு, இரண்டு டன்.
"எக்கா, எனக்கு மட்டும் ஃபைனு. ஒங்களுக்கு யாரு போடுதா?"
சிரித்தேன்.
நோட்டில் சிரித்தேன் என்று எழுதவில்லை.
11.32 படபடப்பு.

ஆபரேஷனுக்கு நாலு லட்சத்துச் சொச்சம்.
காப்பீட்டு அட்டை நெஞ்சுக்குத் தருமாம், வயிற்றுக்குத் தராதாம்.
ரெண்டும் ஒரே உடம்புக்குள்தானே சார் என்று போனில் கேட்டேன்.
லைனில் இருங்கள் என்றான்.
பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் கடைசி வண்டியும் போன பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினேன்.
பகல் வெயில் இன்னும் இரும்பில் இருந்தது.
வெளிப்பலகையில் 120.
ஆஸ்பத்திரியில் 118.4 என்றார்கள்.
இதற்கு இருபது இருபதாகத்தான் எண்ண வரும்.
எட்டரைக் கிலோ குறைந்தால்
திடுதிப்பென்று நூறு என்று சொல்லிவிடும்.
அதுவரை ஒன்று ஒன்றாகக் குறைவது
இதற்குத் தெரியப்போவதில்லை,
பல்லிக்கு வேண்டுமானால் தெரியலாம்.

கங்கைகொண்டான் பக்கமிருந்து காற்று அடித்தது.
ஒயர்கள் சேலைக்குள் அரித்தன.
120 அசையவில்லை.
அவ்வளவு நேரம் ஒரு எண் எனக்காக நின்றது
இன்றைக்குத்தான்.

எடை போடும்போது டிரைவர் இறங்கவும்
என்று பலகையில் எழுதியதே நான்தான்.
இந்த வண்டியில் டிரைவர் யார் என்றுதான்
இன்னும் ரெண்டு டாக்டரும் சொல்லவில்லை.

6.50 எடைமேடையில் நின்றேன்.
6.54 நிற்கிறேன்.
கேட்டில் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.