பின்காற்று இருந்தால் பதின்மூன்று

ஹெஸ்ட்விக்கிலிருந்து சுலனேஸுக்கு
வான்வழி நாற்பத்தொரு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் பதினான்கு நிமிடம்.
பலகையில் அதை எழுதியவன் நான்தான்.
நார்வேயின் வடக்கு ஓரத்தில்
இந்த நிலையத்துக்கு நாங்கள் மூன்றே பேர்.
டிக்கெட் பார்ப்பதும் பெட்டி நிறுப்பதும் நான்,
விமானம் இறங்கும்போது தலைக்கவசம் மாட்டித்
தீயணைப்பு வண்டியில் உட்கார்ந்திருப்பதும் நான்.
காப்பி போடுவது யார் வேலை என்பது மட்டும்
இன்னும் முடிவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை யோருன் போனாள்,
கடைவாய்ப் பல்லைப் பிடுங்க.
பல் மருத்துவர் அக்கரையில்.
கன்னத்தைத் தாங்கியபடி
"எவ்வளவு நேரம்?" என்றாள்,
பலகைக்கு நேர் கீழே நின்று.
"ஊசியின் மரமரப்பு போவதற்குள்
வீட்டில் இருப்பாய்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

மாலை, காற்று கடலுக்குள்ளிருந்து எழுந்தது.
விமானத்தின் சத்தம் வந்தது, விமானம் வரவில்லை.
ஓடுபாதை விளக்குகளை
முழுப் பிரகாசத்தில் வைத்தேன்.
வெளியே ஒத்வார் தன் பிக்கப்பின் முகப்பு விளக்கை
அணைத்தான் ஏற்றினான் அணைத்தான் ஏற்றினான்.
(யார் வீட்டிலோ வயர் கோளாறு
என்று நினைத்தாளாம், மேலே.)
இரண்டாம் சுற்றில் சக்கரங்களைக்கூடப் பார்த்தோம்.
பிறகு சத்தம் மட்டும் மேலேறி
வந்த வழியே போயிற்று.
கூப்பிடு தூரம்தான்.
கூப்பிட வாயைத் திறந்தால்
காற்று அந்தப் பெயரை
வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது.

மறுநாள் விடியுமுன்
வானத்தை நம்பாமல் பஸ் ஏறிவிட்டாள்.
சாலை வழி நூற்று எழுபத்தாறு.
ஃபியோர்டு கை நீட்டிய இடத்திலெல்லாம்
சாலை சுற்றிக்கொண்டு போக வேண்டும்.
மலைமேல் தடுப்புக் கம்பம்.
பனி வாரும் வண்டி வந்து அழைத்துப்போகும்வரை
வரிசையில் நிற்க வேண்டும்.

வரிசையில் அவள் பஸ் ஒன்பதாவதாக நின்றபோது
இங்கே காற்று செத்துக் கிடந்தது,
துணிக்குழாய் கம்பத்தில் சுருண்டு தொங்கியது.
விமானம் சமர்த்தாக வந்து இறங்கியது.
மேலே லேசாகப் பின்காற்றாம், பதின்மூன்று நிமிடம்.
தபால் மூட்டை,
மீன்பண்ணை ஆய்வாளர் இருவர்,
நேற்று ஏற்றி யாரும் இறக்க மறந்த
யோருனின் நீலப் பெட்டி.

ஒத்வார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.
வீட்டுக்குப் போகவில்லை.
பெட்டியைப் பக்கத்து நாற்காலியில்
நிமிர்த்தி வைத்து
அதன் பிடியில் தொங்கிய சீட்டை
ஏதோ கடிதம் போலப் படித்தான்.
காப்பி போட்டு எடுத்துப் போனேன்.
ஏனோ இரண்டு கப்.
அவனும் கேட்கவில்லை. ஒன்று ஆறிப்போயிற்று.

"பலகையில் பதின்மூன்று என்று மாற்றட்டுமா?"
என்றேன், சிரிக்க வைக்க.
"பெட்டிக்குப் பதின்மூன்று" என்றான்.
மேற்கொண்டு யோசித்தான்,
ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
எழுந்தான். பிக்கப்பின் முன் இருக்கையில்
பெட்டியை உட்காரவைத்து
பெல்ட் போட்டுவிட்டான்.
தடுப்புக் கம்பம்வரை இருபத்திரண்டு கிலோமீட்டர்,
எதிர்கொள்ளப் போகிறானாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று
என்னைக் கேட்கவில்லை.