நிறுத்து

சோஹார் துறைமுக வாசலுக்கு வெளியே எங்கள் யார்டு.
ரிக்கர் வேலைக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள்.
நான்கு பேரிடமும் சான்றிதழ் இருந்தது,
மூன்று சான்றிதழில் ஒரே எழுத்துப்பிழை.

நான் கேள்வி கேட்கவில்லை.
பதில்களை ஏஜெண்டே அச்சடித்துத் தந்துவிடுகிறான்.
இரண்டு டன் குழாய்க்கட்டு,
ஒரு ஷாக்கிள் பின்னை மட்டும் பாதி திருகி விட்டுவைத்து
தூக்கச் சொன்னேன்.
கிரேன் ஓட்டும் குல்சமானிடம் முன்பே சொல்லியாயிற்று,
யார் சைகை காட்டினாலும்
சாணுக்கு மேல் எழுப்பாதே.

முதல் ஆள் தூக்கினான்.
இரண்டாமவன் ஷாக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தூக்கினான்.
மூன்றாமவன் எதையும் பார்க்கவில்லை.
நான்காவது வேதமாணிக்கம், குளச்சல்காரன்.
குனிந்து விரலால் தடவினான்.
நிமிர்ந்து
இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான்
உள்ளங்கை மண்ணைப் பார்க்க.

தூக்கு என்றேன்.
கை இறங்கவில்லை.
மறுபடி சொன்னேன், கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.
"பின்னு ஏறல சார்."

அன்று மாலையே ஆஃபர் லெட்டர்.

மஸ்கட்டில் மேலாளர்கள் கூட்டத்தில்
இதை நான் கதையாகச் சொன்னேன்:
ஆமாம் போடுகிறவனை எடுக்காதீர்கள்,
முடியாது என்று சொல்லத் தெரிந்தவனை எடுங்கள்.
கை தட்டினார்கள். கஹ்வா வந்தது, பேரீச்சை வந்தது.
ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

ஜூலை.
பாலைவனப் பக்கமிருந்து கர்பி வீசியது,
அடுப்பு வாயைத் திறந்தது போல.
கப்பல் ஒரு மணி நேரம் சும்மா நின்றால்
அபராதம் என் இரண்டு மாதச் சம்பளம்.
கடைசி மாட்யூல், அதுவும் கொக்கியில் மாட்டியாகிவிட்டது,
கப்பல்காரரின் ஆள் என் தோளருகே நின்று
கடிகாரத்தைப் பார்க்கிறான்.
அறுபதடி தள்ளி
வேதமாணிக்கம் கைகளை விரித்தான்.

அதே கைகள்தான்.

முப்பது பேர் முன்னால் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை
எழுத மாட்டேன்.
"உன்னை எடுத்தது யார், தெரியுமா?" என்றது மட்டும்
ஞாபகம் இருக்கிறது.
குல்சமான் கேபினிலிருந்து இறங்கி
டீ குடிக்கப் போனான்.
அவன் தொழிலில் ஒருவன் சைகைக்குத்தான் பணிய வேண்டும்.
நிறுத்து என்பது மட்டும் விலக்கு,
அதை யார் காட்டினாலும் கேட்க வேண்டும்,
டீ கொண்டுவரும் பையன் காட்டினாலும்.

நாலரைக்குக் காற்று அடங்கியது.
மாட்யூல் ஏறியது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததைக் குறிக்க
எங்கள் படிவங்களில் கட்டம் கிடையாது.

டிசம்பரில் மதிப்பீட்டுப் படிவம்.
மேலதிகாரியுடன் ஒத்துழைப்பு: ஐந்துக்கு இரண்டு.
பேனா தயங்கியது என்றால் பொய்.
இரண்டுக்கு இன்கிரிமென்ட் இல்லை.
அவன் படித்துப் பார்த்தான்,
எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டான்.
மார்ச்சில் ரூம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனான்.
பிறகு ஒருநாள் எச்.ஆரிடம் கேட்டுப் பார்த்தேன்,
அந்த இரண்டைத் திருத்த முடியுமா?
போன வருஷத்தை மூடியாச்சு சார், என்றார்கள்.

நேற்று துக்மிலிருந்து போன்.
புதிய கம்பெனி, ஒரு பெண் குரல்,
படிவத்தை வாசித்துக்கொண்டே போகிறது.
நேரத்துக்கு வருவாரா?
வருவார்.
குடிப்பாரா?
தெரியாது. வேலையில் இல்லை.
மேலாளர் சொன்னதைச் செய்வாரா?

ஜன்னலுக்கு வெளியே கொக்கி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

"செய்ய மாட்டார்" என்றேன்.
கீபோர்டு தட்டும் சத்தம்.
இல்லை, இல்லை, எழுதாதீர்கள், இருங்கள்,
சொல்ல வந்தது அதுவல்ல,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை
இரண்டு கைகளாலும் காட்டிக்கொண்டிருந்தேன்,
உள்ளங்கை மேசையைப் பார்க்க.

ஹலோ, சார்,
லைன்ல இருக்கீங்களா?