வெள்ளைப் பெருக்கல் குறி

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன.
முதலாவதில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே வரி.
இரண்டாவது பதினெட்டுப் பக்கம், பளபளப்பான படங்கள்,
எதற்கென்று தெரியாமல் ஒரு துபாய்க் கோபுரம்.
மூன்றாமவன் விலையே எழுதவில்லை.
தொலைபேசியில் கேட்டான்:
"எதற்கு அளக்கிறீர்கள்?
வேலிக்கா, விற்பனைக்கா, வெள்ளத்துக்கா?"

வெள்ளத்துக்கு என்றேன்.
ஏப்ரலில் கிட்டெங்கேலாவின் புதுத் தெருக்களில்
போகும் வழி தெரியாத தண்ணீர்
வீடு வீடாகக் கதவைத் தட்டியதைச் சொன்னேன்.
ஐம்பதுக்கு நூறடி மனைகளாகச்
சமவெளியை நறுக்கி விற்றவர்கள்
மழைக்கென்று ஒரு மனை ஒதுக்கவில்லை.
"அப்படியானால் படம் அழகாயிருக்க வேண்டாம்,
உயரம் சரியாயிருந்தால் போதும்" என்றான்.
வேலையை அவனுக்கே கொடுத்தேன்.

காற்று எழுமுன் வந்துவிட்டான் ஒகெலோ.
தரையில் பத்து இடங்களில்
சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டான்.
மேலே போகிற கண்ணுக்கு
மண்ணில் ஒரு பிடிமானம், அவ்வளவுதான்.
டிரோன் இருபது நிமிடம் பறந்தது.
பிறகு ஒரு பருந்து அதைத் துரத்தியது.
அனுமதிச் சீட்டெல்லாம் அதற்குக் காட்ட முடியாது.
இறக்கிவிட்டான். மீதி நாளைக்கு.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
எங்கள் ஊரில் அந்தக் குறிக்கு ஒரே பொருள்.
சுவரில் சிவப்பாகப் போடுவார்கள்,
மறுவாரம் புல்டோசர் வரும்.

காலையில் பார்த்தால்
மூன்று குறிகள் கழுவப்பட்டிருந்தன.
ஒன்றின் மேல் மணல் லாரி நின்றது.
மருந்துக்கடை வாசலில் இருந்தது
இறைச்சிக்கடை வாசலுக்குக் குடிபெயர்ந்திருந்தது,
அளவு பிசகாமல், ஒகெலோ போட்டதைவிட நேர்த்தியாக.
அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
சிரித்து முடித்துக்
கூடுதல் நாளுக்கான கட்டணத்தைச் சொன்னான்.
ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை.
மேலாளர் லெமாயியன் ஒரு தாளில்
'யார் தவறு?' என்று எழுதி அனுப்பினார்,
பதிலுக்கு இரண்டு அங்குலம் விட்டு.

கடை கடையாக ஏறி இறங்கினேன்.
இடிக்க இல்லை, அளக்க.
இடிக்க இல்லை, அளக்க.
"அளக்காமலா இடிப்பார்கள்?" என்றாள் சியோம்புவா
கல்லில் சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே.
நான் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தேன்.
"மேலேயிருந்து என் கடை தெரியுமா?"
"மூன்று சென்டிமீட்டர் இருந்தாலும் தெரியும்."
தன் விரலைப் பார்த்தாள்.
பிறகு கூரையை.

இம்முறை சதுரங்கப் பலகை போலக்
கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்.
யாரும் தொடவில்லை.
சிறுவர்கள் மட்டும் சோடா மூடிகளை வைத்து
ஆடிவிட்டுப் போயிருந்தார்கள்.

வரைபடம் வந்து இறங்க அரை நாள் ஆயிற்று.
நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டித் தைத்ததில்
நடந்தவர்கள் எல்லோரும் அழிந்துபோயிருந்தார்கள்.
சந்தை நாளில் ஆளில்லாத சந்தை.
ஒரு மோட்டார் சைக்கிளுக்குப்
பின்சக்கரம் மட்டும் மிச்சம்.
நின்றவை நின்றன:
தண்ணீர்த் தொட்டிகள், கம்பங்கள், கழுதை ஒன்று,
அப்புறம் ஒரு தகரக் கூரையில்
ஆள் உயர எழுத்தில்
'சப்பாத்தி, சூடாக',
கீழே பத்து இலக்கத் தொலைபேசி எண்.
பெயின்ட் இன்னும் காயவில்லை போலும்,
ஒன்பது சற்றே வழிந்திருந்தது.

தண்ணீர் ஓட வேண்டிய பாதையைக் கணினி
நீலக்கோடாக இழுத்தது.
அதற்கு யாரையும் தெரியாது.
பள்ளிக்கூட வேலியைச் சுற்றி,
புதுத் தேவாலயத்தின் பின்புறமாக வந்து
அந்த எண்ணின் நான்காம் இலக்கத்தில் நுழைந்து
எட்டாம் இலக்கத்தில் வெளியேறியது.

நீக்க வேண்டியவற்றின் பட்டியல்
மாலைக்குள் வேண்டும் என்கிறார் லெமாயியன்.
தபாலில் போவதற்கு முன்
என் வாயால் சொல்லிவிடலாமென்று
திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன்.

இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டாள்.
பின்னால் எண்ணெய் சீறுகிற சத்தம்.
"கூரையில் பார்த்தீர்களா?" என்றாள்.
"சொல்லுங்கள், எத்தனை?"