மேலே இன்னொரு சாண்

கிப்டாலம், பொமெட் பக்கம் தேயிலை நிறுப்பவர்.
அடுத்தவர் பறித்ததைக் கொக்கியில் மாட்டி
கிலோ சொல்லிப் பேரேட்டில் ஏற்றுவார்.
ஜனவரியில் ஒரு மாலை எல்லோரும் போனபின்
கொக்கியைப் பிடித்துத் தானே தொங்கினார்.
எழுபத்தொன்று இருந்த ஆள், அறுபத்து நான்கு.
மார்ச்சில் ஐம்பத்து மூன்று.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி
அதைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.
இவ்வளவு ஒழுங்கான நோய்க்குறிப்பு
எந்த மருத்துவமனையிலிருந்தும் எனக்கு வந்ததில்லை.

முதலில் நின்றது இறைச்சி.
பிறகு உகாலி, விழுங்கத் தண்ணீர் கேட்டது,
பிறகு தண்ணீரோடும் வரமாட்டேன் என்றது.
கஞ்சி ஒரு மாதம். பால் சில நாள்.
இப்போது பச்சைத் தண்ணீர் பல்லில் படும்,
அவ்வளவுதான்.
எச்சில் துப்ப ஒரு தகர டப்பா, மடியில்.

ஒரு சாண் வயிற்றுக்காக என்று பேசுகிறோம்.
அதற்கு மேலே இன்னொரு சாண் இருக்கிறது,
அடைக்கும்வரை அதற்குப் பெயர்கூட யாரும் சொல்வதில்லை.

வெட்டுபவர் வேறு. மருந்து ஏற்றுபவர் வேறு.
கதிர் பாய்ச்ச நைரோபியில் வரிசை நிற்க வேண்டும்.
நான் இரைப்பை குடல் மருத்துவர்,
வாசலில் நிற்பவள்:
முதலில் பார்ப்பதும் நான்,
பல பேருக்குக் கடைசியாகப் பார்ப்பதும்.

பற்களிலிருந்து முப்பத்தொன்றாவது சென்டிமீட்டரில்
பாதை முடிந்திருந்தது.
ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் ஒரு கம்பி,
மூன்றாம் முயற்சியில் போனது.
கம்பியின் மேல், மடக்கிய குடைபோல ஸ்டென்ட்.
உள்ளே போய் மெல்ல விரியும்.
செவிலி செப்வொகென் மூச்சுவிட மறந்திருந்தாள்.

இது குணமாக்காது என்று அவரிடம் சொன்னேன்.
எத்தனை மாதம் என்று அவர் கேட்கவில்லை.
"டீ இறங்குமா?"

வெளியே தம்பி கிப்கோஸ்கெய்.
மோட்டார் சைக்கிளில் அண்ணனைப் போர்வையால்
முதுகோடு கட்டி ஏற்றி வந்தவர்.
மண்டாசி தின்றுகொண்டிருந்தார்.
உங்களையும் பார்க்க வேண்டும் என்றேன்.
"எனக்கா? கல்லைத் தின்றாலும் செரிக்கும்."
நாளை வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றேன்.
வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.
காலை ஆறு மணிக்கே நின்றார், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

அயோடின் தெளித்தேன்.
நல்ல சதை நிறம் வாங்கிக்கொள்ளும்,
கடுந்தேநீர்ப் பழுப்பு.
ஓர் இடம் மட்டும் வாங்க மறுத்தது.
சுண்டுவிரல் நகமளவு. வெளிறி.

பயாப்சி மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.
உறிஞ்சி, ரப்பர் வளையம் மாட்டி,
வளையத்துக்குக் கீழே அறுத்து
புட்டியில் போட்டேன். இருபத்தாறு நிமிடம்.
நைரோபி இல்லை, கத்தி இல்லை, வரிசை இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது:
"அண்ணனுக்கு ஏன் இதைச் செய்யவில்லை?"

அப்போது அவர் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
வந்திருந்தால்?
அந்த ஆண்டு எங்களிடம் இருந்தது ஒரே குழாய்.
அதுவும் ஏழு மாதம் பழுதில் கிடந்தது.
சொல்லாமல் கையுறையைக் கழற்றினேன்.

ஜூனில் கிப்டாலம் வந்தார், நடந்தே.
டீ இறங்குகிறதாம், சூடு ஆறியபின்.
சர்க்கரை போடுவதில் மனைவி கஞ்சம் என்று புகார்.
ஐம்பத்து நான்கு என்றார்,
ஒரு கிலோ லாபம் காட்டும் வியாபாரிபோல.

செப்டம்பரில் மறுபரிசோதனைக்குத் தம்பி மட்டும்.
சட்டைப் பையிலிருந்து அதே தாளை எடுத்தார்.
ஐம்பத்து நான்குக்குக் கீழே
நாற்பத்தொன்பது, வேறொரு கையெழுத்தில்.
அதற்கும் கீழே கோடு போட்டு,
கிப்கோஸ்கெய், எழுபத்தாறு.

"கோட்டோடு நிறுத்தது," என்றார்.

தாளைக் கோப்பில் வைத்தேன்.
இடப்பக்கம் சாய்ந்து படுங்கள் என்றேன்.
வாயைத் திறங்கள்.